ஜெல்லிக் கிண்ணத்துல என்ன இருக்குன்னு சொல்லிட்டுக் கொடுங்க



பத்து நாளா பந்தல்ல கவாத்து வேலை. காலையில ஏறினா பொழுது சாயும்வரை கத்தரிக்கோலும் கையுமாத்தான். அதனால இந்தப் பக்கம் வர முடியவில்லை. இன்றைக்கும் திராட்சையைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். ஆனால் உரம், மருந்து, நோய் எதுவும் இல்லை. உங்கள் ஊர் பார்ட்டியில் கண்ணாடிக் கிண்ணத்தில் ஆடிக்கொண்டே வருமே ஜெல்லி, அதைப் பற்றி.

'தோட்டக்காரனுக்கு ஜெல்லியில என்னய்யா வேலை?' என்று கேட்பீர்கள். போன மார்கழி வரை நானும் அப்படித்தான் கேட்டிருப்பேன். இன்னும் கொஞ்ச நாளில் கிறிஸ்துமஸ், புத்தாண்டு என்று வரிசையாக வருகிறது. அதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன்.

போன வருஷம் டிசம்பர் 31. மகன் வீட்டுக்குச் சென்னை போயிருந்தோம். நானும் எங்க வீட்டம்மாவும், கூடவே என் மச்சானும். மச்சான் மாலை போட்டிருந்தார். மகரஜோதிக்கு மலைக்குப் போகிற விரதம். எங்கள் கம்பம் பக்கம் கார்த்திகை, மார்கழி வந்தால் குமுளி ரோட்டில் ராத்திரி முழுக்க ஐயப்பமார் வண்டிதான். மாலை போடாத வீடு குறைவு. மாலை போட்டவரை பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டோம், சின்னப் பிள்ளையாக இருந்தாலும் 'சாமி'தான். மச்சானும் எங்களுக்கு அந்த நாற்பத்தெட்டு நாளும் சாமி.

போகும்போது ஐந்து கிலோ பன்னீர் திராட்சை பெட்டி ஒன்று கொண்டு போனேன். காலையில் வெட்டி, சாயங்காலம் பஸ் ஏற்றியது. பன்னீர் திராட்சை தோல் மெல்லிசு, ரொம்ப நாள் தாங்காது. பஸ்ஸில் மடியில் வைத்து ராத்திரி முழுக்கப் பாதுகாத்தேன் என்றால் என் சம்சாரம் சிரிப்பாள், ஆனால் உண்மை.

மருமகள் நல்ல பிள்ளை. ஐ.டி. வேலை, ஆனாலும் சமையலில் ஆசை. அன்றைக்குப் புது வருஷ பார்ட்டிக்கு மாடியில் முப்பது பேர் வருவதாக ஏற்பாடு. மத்தியானமே அடுப்படியில் ஏதோ செய்துகொண்டிருந்தாள். வேடிக்கை பார்க்கப் போனேன். நாசிக் பக்கம் செய்கிற ஸ்பார்க்ளிங் ஒயின் பாட்டில் ஒன்று. மூடியைத் துணியால் பிடித்துத் திருகினாள், 'டப்' என்றது. நாசிக்கில் ஒயினை பாட்டிலுக்குள்ளேயே இரண்டாவது தடவை நொதிக்க வைத்து இதைச் செய்கிறார்கள். அப்போது உண்டாகிற வாயு வெளியே போக வழியில்லாமல் ஒயினுக்குள்ளேயே கரைந்துவிடும். ஷாம்பெயின் பாட்டிலுக்குள் இருக்கிற அழுத்தம் கார் டயரில் இருப்பதைப் போல இரண்டு மூன்று மடங்கு. அதனால்தான் அந்தச் சத்தம்.

அவள் செய்த விதத்தைச் சொல்கிறேன், ஏனென்றால் விஷயமே அதில்தான் இருக்கிறது. ஜெலட்டின் பொடியைக் கொஞ்சம் பச்சைத் தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவைத்தாள். இரண்டு டம்ளர் சர்க்கரைப்பாகைச் சூடாக்கி, அதில் ஊறியதைக் கரைத்தாள். அது ஆறியதும், ஃபிரிட்ஜில் இருந்த ஒயினைப் பாத்திரத்தின் ஓரமாகச் சரித்து மெதுவாக ஊற்றினாள். வேகமாக ஊற்றினால் நுரைத்து வாயு எல்லாம் போய்விடுமாம். இருபது சின்னக் கிண்ணங்களில் பழத்தைப் போட்டு, பாதி ஊற்றி, கொஞ்சம் இறுகியதும் மீதிப் பழம், மீதி ஒயின். ஒரே தடவையில் ஊற்றினால் பழம் எல்லாம் மேலே மிதந்துவிடும். சாயங்காலம் எடுத்துப் பார்த்தால், அடடா, கிண்ணத்துக்குள் சின்னச் சின்னக் குமிழி அப்படியே நின்றுபோயிருந்தது. விளக்கு வெளிச்சத்தில் பார்க்க அத்தனை அழகு. குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஒன்றே ஒன்று உறுத்தியது. உள்ளே இருந்தது என் பழம் இல்லை. விதையில்லாத பச்சைத் திராட்சை, கடையில் வாங்கியது. கேட்டேன். "மாமா, உங்க பழத்துல விதை இருக்குல்ல. ஜெல்லியில போட்டா எல்லாரும் துப்பிக்கிட்டு இருக்கணும்" என்றாள். நியாயம்தான். வாயை மூடிக்கொண்டேன்.

ராத்திரி ஒன்பது மணி. மாடியில் பாட்டு, பிள்ளைகள் ஓட்டம். நான் யாரோ ஒரு தம்பியிடம் கம்பம் பள்ளத்தாக்கின் பெருமையை அளந்துகொண்டிருந்தேன். 'எங்க பழத்துக்கு 2023-ல் புவிசார் குறியீடு கொடுத்திருக்காங்க, முல்லைப் பெரியாறு தண்ணி, மற்ற ஊரில் வருஷத்துக்கு ஒரு வெட்டு, எங்க ஊரில் எந்த மாசம் வந்தாலும் ஏதாவது ஒரு பந்தல்ல பழம் இருக்கும்' என்று. பக்கத்தில் மச்சான் உட்கார்ந்திருந்தார். யாரோ தட்டை நீட்டினார்கள். பழம் போட்ட ஜெல்லி, சாமி சாப்பிடலாம் என்று அவரும் எடுத்தார். ஒன்று சாப்பிட்டார். நன்றாக இருக்கிறது என்று இரண்டாவதும் எடுத்தார்.

நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பாட்டில் திறந்ததும் எனக்குத் தெரியும். இரண்டையும் சேர்த்து யோசிக்க என் புத்திக்குத் தோன்றவில்லை. என் பழத்தின் பெருமையில் இருந்தேன்.

இரண்டாவது கிண்ணம் பாதியில் மச்சான் நிறுத்தினார். "என்ன மாமா இது, லேசா கசக்குது?" என்று என்னைக் கேட்டார். அப்போதுதான் எனக்குச் சுருக்கென்றது.

அவர் ஒரு வார்த்தை சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் பரவாயில்லை. கிண்ணத்தைக் கீழே வைத்தார். குழாயடிக்குப் போய் வாயைக் கொப்பளித்தார். ரூமுக்குள் போய் ஒரு ஓரமாகத் துண்டை விரித்து உட்கார்ந்துகொண்டார். மருமகள் விவரம் தெரிந்து அழுதுவிட்டாள். "பெரியவங்களுக்குத்தானே தட்டு போச்சுன்னு நினைச்சேன் மாமா, சாமி எடுப்பாருன்னு நினைக்கலையே" என்றாள். விடியற்காலை நாலு மணிக்குப் பச்சைத் தண்ணீரில் குளித்துவிட்டு, குருசாமிக்குப் போன் போட்டுக் கேட்டார் மச்சான். அவர் சொன்ன பரிகாரத்தைச் செய்துவிட்டு மலைக்கும் போய் வந்தார். என்னிடம் இன்றுவரை அதைப் பற்றிப் பேசியதில்லை. நான்தான் மறக்க முடியாமல் இருக்கிறேன்.

அதே ராத்திரி இன்னொன்றும் நடந்தது. கீழ் வீட்டுப் பாப்பா, நாலு வயசு இருக்கும், இரண்டு கையிலும் இரண்டு கிண்ணம் வைத்துக்கொண்டு படியில் இறங்கிக்கொண்டிருந்தது. மச்சான் விஷயம் தெரிந்த பிறகு என்பதால் என் சம்சாரம் ஓடிப்போய் வாங்கினாள். மச்சானுக்குக் கசக்காமல் இருந்திருந்தால்?

'சமைச்சா ஆல்கஹால் போயிடும்ல' என்று அன்றைக்கே இரண்டு பேர் சொன்னார்கள். அந்தக் கணக்கைப் பார்ப்போம். இங்கே ஒயின் அடுப்பில் ஏறவே இல்லை. குமிழி நிற்க வேண்டும் என்பதற்காகத்தான் ஃபிரிட்ஜிலிருந்து நேராக ஊற்றினார்கள். பாட்டிலில் இருந்தது அனேகமாக அப்படியே கிண்ணத்துக்கு வந்துவிட்டது. பாட்டில் 750 மில்லி. அதில் ஆல்கஹால் 12 சதவீதம். அதாவது 90 மில்லி. இருபது கிண்ணத்துக்குப் பிரித்தால் ஒன்றுக்கு 4.5 மில்லி. 5 சதவீத பீர் 325 மில்லி சின்ன பாட்டிலில் இருப்பது சுமார் 16 மில்லி. அப்படியென்றால் நாலு கிண்ணம் ஜெல்லி, ஒரு சின்ன பீர் பாட்டிலைத் தாண்டிவிடுகிறது. நாலு கிண்ணம் என்பது நமக்கு எட்டுக் கரண்டி. பிள்ளைக்கு இனிப்பாக, குளுகுளுவென்று, கலர் கலராக இருந்தால் நாலோடு நிறுத்துமா? பதினஞ்சு கிலோ எடை உள்ள உடம்பு அது. சின்னப் பிள்ளைகளுக்கு ஆல்கஹால் போதையை மட்டும் தருவதில்லை, ரத்தத்தில் சர்க்கரையையும் இறக்கிவிடும். அது ஆபத்து. நம் மாநிலத்தில் 21 வயசு ஆகாதவருக்கு மது கொடுக்கக் கூடாது என்று சட்டம். கரண்டியால் சாப்பிட்டால் அது மது இல்லை என்று ஆகிவிடுமா?

வண்டி ஓட்டி வீட்டுக்குப் போகிறவர்கள், மாத்திரை சாப்பிடுகிறவர்கள், வயிற்றில் பிள்ளை இருக்கிறவர்கள், குடியை விட்டு நாலு வருஷமாகப் போராடிக்கொண்டு இருக்கிறவர்கள். முப்பது பேர் கூடுகிற மாடியில் இதில் ஒருவர் இல்லாமல் இருப்பாரா?

நான் ஒயினுக்கு எதிரி இல்லை. திராட்சைக்காரன் ஒயினை எப்படித் திட்டுவான்? இந்தப் பழமே 1832-ல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தது என்று சொல்வார்கள். வெளிநாட்டில் மஸ்கட் ஹாம்பர்க் என்று பெயர். நமக்கு வந்த பிறகு பன்னீர். எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகளில் பண்டிகைக்குக் கேக்கோடு சின்ன டம்ளரில் ஒயினும் வரும். ஆனால் கொடுக்கும்போதே "அண்ணே, இது ஒயின். எடுப்பீங்களா, இல்லை காபி போடவா?" என்று ஒரு கேள்வி கூடவே வரும். அந்த ஒரு கேள்வி போதும். எடுக்கிறவன் எடுப்பான், மாலை போட்டவன் காபி குடிப்பான்.

டம்ளரில் இருக்கும்போது மது தன்னைத் தானே காட்டிக்கொள்கிறது. பாட்டில் தெரிகிறது, வாசனை வருகிறது. ஜெல்லிக்குள் போனதும் அது பழம் மாதிரி வேஷம் போட்டுவிடுகிறது. பார்ட்டியில் ஒயின் வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. வேஷம் போட்ட ஒயினைச் சொல்லாமல் நீட்டாதீர்கள் என்கிறேன்.

சொல்ல வேண்டியது ஒயினை மட்டும் இல்லை. ஜெலட்டின் எதிலிருந்து வருகிறது என்று எனக்கும் அன்றைக்குத் தெரியாது, பிறகுதான் படித்தேன். ஆட்டுக்கால் சூப்பை மிச்சம் வைத்து ஃபிரிட்ஜில் வைத்தால் காலையில் கட்டியாக ஆடுமே, அதுதான் ஜெலட்டின். மாடு, பன்றி இவற்றின் தோலிலும் எலும்பிலும் இருந்து எடுப்பது. அந்தக் காலத்து ஐரோப்பாவில் கன்றுக்குட்டிக் கால்களை மணிக்கணக்காக வேகவைத்து, வடிகட்டித்தான் ஜெல்லி செய்தார்கள். 1897-ல் அமெரிக்காவில் லெராய் என்ற சின்ன ஊரில் பழ வாசனையும் சர்க்கரையும் கலந்து 'ஜெல்-ஓ' என்று பொடியாக வந்த பிறகு, கால் எங்கே போனது என்றே எல்லோருக்கும் மறந்துவிட்டது.

நம் கடைப் பாக்கெட்டில் அசைவத்துக்குப் பழுப்பு நிற அடையாளமும் சைவத்துக்குப் பச்சைப் புள்ளியும் போட வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. ஜெலட்டின் பாக்கெட்டில் பழுப்பு இருக்கும். ஆனால் பாக்கெட் குப்பைக்கூடைக்குப் போய்விடுகிறது. கிண்ணத்தில் புள்ளி இல்லை. மார்கழியில் கவிச்சி தொடாத வீடு எத்தனை! மாட்டை, பன்றியைத் தொடாதவர்கள் எத்தனை பேர்! மச்சான் அன்றைக்குச் சாப்பிட்டது இரண்டு விரத முறிவு. ஒன்று மட்டும்தான் அவருக்குத் தெரியும். இதைப் படித்தால் இரண்டாவதும் தெரிந்துவிடும். மச்சான், மன்னிச்சுக்கங்க.

சரி, குறை சொல்லிக்கொண்டே இருந்தால் எப்படி? வழி என்ன?

வழி எங்கள் எதிர்வீட்டில் இருந்தது. எதிர்வீட்டு ராவுத்தர் குடும்பம். ஒவ்வொரு நோன்புக்கும் சாயங்காலம் கஞ்சியோடு ஒரு தட்டில் ரோஸ் கலர் கடல்பாசி வரும். இளநீரும் வழுக்கையும் போட்டு, வில்லை வில்லையாக வெட்டி. என் பிள்ளைகள் இரண்டும் அதைச் சாப்பிட்டு வளர்ந்தவர்கள். நாங்களும் ஜெல்லி தெரிந்த ஊர்தான், பெயர்தான் வேறு.

கடல்பாசி என்றால் பெயரிலேயே இருக்கிறது. ராமநாதபுரம் கடற்கரையில், மன்னார் வளைகுடாவில், பெண்கள் மூழ்கிப் பறிக்கிற பாசி. விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டிக்கொண்டு, மூச்சைப் பிடித்து இறங்கிப் பாறையிலிருந்து பறிப்பார்கள். மரிக்கொழுந்துப் பாசி என்று அங்கே சொல்வார்கள். அதைக் காயவைத்து மதுரைப் பக்கத்து ஆலைகளுக்கு அனுப்பி, வேகவைத்து, வடித்து எடுப்பதுதான் அகர் அகர். கடையில் 'சைனா கிராஸ்' என்று கேட்டால் வெள்ளை நார் மாதிரி கொடுப்பார்கள், அதுவும் இதே சாமான்தான். எலும்பு இல்லை, தோல் இல்லை. எந்த விரதக்காரரும், எந்த மதத்துக்காரரும் சாப்பிடலாம்.

இந்தப் பொங்கலுக்கு என் சம்சாரமும் எதிர்வீட்டு அம்மாவும் சேர்ந்து பன்னீர் திராட்சையில் போட்டுப் பார்த்தார்கள். முதல் தடவை கட்டிகட்டியாகப் போச்சு. இரண்டாவது தடவை இறுகவே இல்லை. மூன்றாவது தடவை வந்த பக்குவத்தைத்தான் எழுதுகிறேன்.

பன்னீர் திராட்சை ஒரு கிலோ. உதிரிப் பழமே போதும். காம்பை எடுத்துவிட்டு நன்றாகக் கழுவி, ஒரு டம்ளர் தண்ணீர் விட்டு அடுப்பில் வையுங்கள். பத்து நிமிடத்தில் தோல் பிரிந்து கலர் இறங்கும். கரண்டியின் பின்பக்கத்தால் மெதுவாக மசிக்கணும். மிக்சியில் போட்டுவிடாதீர்கள், விதை உடைந்தால் கசக்கும். மெல்லிய வேட்டித் துணியில் வடிகட்டுங்கள். விதைப் பிரச்சினை இங்கேயே முடிந்தது, மருமகளே! சாற்றை ராத்திரி ஃபிரிட்ஜில் வைத்தால் அடியில் கண்ணாடித் துகள் மாதிரி ஏதாவது படியலாம். பயப்பட வேண்டாம், திராட்சையில் இயல்பாக இருக்கிற உப்பு அது. மேலாக ஊற்றிக்கொண்டு அடியை விட்டுவிடுங்கள்.

கடல்பாசி 10 கிராம். அரை மணி நேரம் ஊறவைத்து, ஒன்றரை டம்ளர் தண்ணீரில் கொதிக்க விடுங்கள். ஒரு நார்கூடத் தெரியாமல் கரையணும். சர்க்கரை உங்கள் ருசிக்கு. இங்கேதான் நாங்கள் இரண்டு தடவை கோட்டை விட்டோம். திராட்சைச் சாறு புளிப்பு. புளிப்போடு சேர்த்துக் கடல்பாசியைக் கொதிக்க வைத்தால் இறுகும் சக்தி போய்விடும். அதனால் தனியாகக் கரைத்து, அடுப்பை அணைத்த பிறகுதான் சாற்றைச் சேர்க்கணும். சாறும் ஃபிரிட்ஜிலிருந்து நேராக வரக்கூடாது. சில்லென்று ஊற்றினால் கடல்பாசி அங்கங்கே உறைந்து கட்டி கட்டியாகிவிடும். இளஞ்சூடாக இரண்டு டம்ளர் சாறு.

குமிழி வேண்டுமே? அதற்குத்தான் பன்னீர் சோடா. கோலி சோடா பாட்டிலை 1872-ல் கண்டுபிடித்தது ஹைரம் காட் என்ற இங்கிலாந்துக்காரர். அவர் ஊரில் அது மறைந்து போச்சு, நம் ஊரில்தான் இன்னும் கோலி சத்தம் கேட்கிறது. கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறியதும், ஒரு டம்ளர் சோடாவை ஓரமாகச் சரித்து ஊற்றி, ஒரே ஒரு தடவை கிளறி, உடனே கிண்ணங்களில் ஊற்றுங்கள். சோடாவும் ஐஸாக இருக்கக் கூடாது. நிஜத்தைச் சொல்லிவிடுகிறேன், ஜெலட்டினில் நின்ற அளவுக்குக் குமிழி இதில் நிற்காது. பாதி போய்விடும். மிச்சம் நிற்கிற பாதிக்கே நாக்கில் லேசாகச் சுருக்கென்று இருக்கிறது. பன்னீர் சோடா வாசனையும் திராட்சை வாசனையும் சேர்ந்தால் என்னவென்று சாப்பிட்டுப் பார்த்துச் சொல்லுங்கள்.

உள்ளே போட மாதுளை முத்து, கமலா ஆரஞ்சுச் சுளை, விதை எடுத்த திராட்சை. அன்னாசியும் போடலாம். ஜெலட்டினில் பச்சை அன்னாசி, பப்பாளி, கிவி போட்டால் இறுகாது. அந்தப் பழங்களில் இருக்கிற நொதி ஜெலட்டினைக் கரைத்துவிடும், வேகவைத்துத்தான் போடணும். கடல்பாசிக்கு அந்தத் தொந்தரவு இல்லை.

இன்னொரு சௌகரியம். ஜெலட்டின் உடம்புச் சூட்டிலேயே உருகிவிடும். வெக்கையில் மாடியில் வைத்தால் கஞ்சியாகிவிடும். கடல்பாசி ஃபிரிட்ஜ் இல்லாமலே இறுகும், மறுபடி உருக 85 டிகிரி சூடு வேண்டும். கரண்ட் போனாலும் கவலையில்லை. ஒரு குறை, வாயில் ஜெலட்டின் மாதிரி வழுக்கிக் கரையாது, கொஞ்சம் கடிபடும். மறுநாள் தண்ணீரும் விடும். அன்றைக்குச் செய்ததை அன்றைக்கே காலி பண்ணிவிடுங்கள்.

'அதெல்லாம் சரி, எங்களுக்கு ஒயின் ஜெல்லிதான் வேணும்' என்பவர்களுக்கு: தாராளமாகச் செய்யுங்கள். அரை லிட்டருக்கு 10 முதல் 12 கிராம் ஜெலட்டின். ஆனால் தட்டைத் தனியாக வையுங்கள். கிண்ணம் வேறு மாதிரி இருக்கட்டும். 'ஒயின், ஜெலட்டின்' என்று ஒரு அட்டையில் எழுதி நிறுத்துங்கள். பிள்ளைகள் கைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். தட்டை நீட்டுகிறவர் வாயால் ஒரு தடவை சொல்லணும். இதில் பார்ட்டியின் சந்தோஷம் எதுவும் குறையப் போவதில்லை. கல்யாணப் பந்தியில் சாம்பாரை ஊற்றும் முன் 'சாம்பார்' என்று சொல்லித்தானே ஊற்றுகிறோம்?

கடைசியாக, என் சுயநலத்தையும் சொல்லிவிடுகிறேன். ஐப்பசி, கார்த்திகை மழையில் பன்னீர் பழம் வெடிக்கும். கொத்தில் நாலு பழம் வெடித்தால் வியாபாரி கொத்தையே தள்ளிவிடுவார். நல்ல பழம் எல்லாம் உதிரியாகப் போய், கூலிக்குக்கூடக் கட்டாத விலைக்குப் போகும். மருந்துச் செலவு, பந்தல் கம்பி, வெட்டுக் கூலி எதுவும் குறையாது. சாமம் ஏமத்தில் மழைச் சத்தம் கேட்டால் எழுந்து உட்கார்ந்துகொள்கிற சனம் நாங்கள். விதை இருக்கிறது, அழகாக இல்லை, நாலு நாள் தாங்கவில்லை என்று நகரத்துக்காரர்கள் ஒதுக்குகிற பழம் இது. சாறு பிழிய அழகு எதற்கு? நீங்கள் ஒரு பார்ட்டிக்கு இரண்டு கிலோ உதிரி வாங்கினால், மழையில் வெடித்த எங்கள் கொத்துக்கு ஒரு வழி பிறக்கும். வெடித்து ரொம்ப நேரம் ஆகாத, புளித்த வாடை வராத பழமாகப் பார்த்து வாங்குங்கள், அவ்வளவுதான்.

போன வாரம் மருமகள் போன் பண்ணினாள். "மாமா, இந்த வருஷமும் முப்பத்தொண்ணாம் தேதி வர்றீங்கல்ல? வரும்போது உதிரிப் பழம் மூணு கிலோ கொண்டாங்க. கடல்பாசியை நான் இங்கேயே வாங்கிடுறேன். ரெண்டு தட்டு, ரெண்டு கலர் கிண்ணம்" என்றாள். கொஞ்சம் தயங்கி, "சாமி வருவாரா?" என்று கேட்டாள்.

மச்சான் இந்த வருஷமும் மாலை போட்டிருக்கிறார். கேட்டுச் சொல்கிறேன் என்றேன். இன்னும் கேட்கவில்லை. பஸ்ஸுக்கு மட்டும் மூன்று டிக்கெட் போட்டு வைத்திருக்கிறேன்.